புளியமரத்துக்குள் போன பந்து



கடந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மூப்பர்களோடு அமர்ந்து காணிக்கைக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு நான் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரையைத் தாண்டியிருந்தது. வெயில் சுட்டெரித்தது. ஆயினும் நம் வாலிபர் பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் நின்று உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அன்றைய பிரசங்கத்தைக் குறித்துத்தான் இவ்வளவு ஆர்வமாகப் பேசுகிறார்கள் என்று ஒரு கணம் உள்ளம் குளிர்ந்தது. கிட்டே போனபோதுதான் தெரிந்தது, பேச்சு உலகக் கோப்பைக் கால்பந்தைப் பற்றியது.

வருகிற ஜூன் 11 அன்று மெக்சிகோ நகரத்தில் முதல் ஆட்டம் தொடங்குகிறது. நம் கடிகாரத்தில் அது ஜூன் 12, நள்ளிரவு கடந்து 12.30 மணி. இறுதி ஆட்டம் ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு அதுவும் நள்ளிரவுக்குப் பின்னர்தான். இதுவரை அந்த நேரத்தில் நம் பகுதியில் விழித்திருந்தவர்கள் காவலூரில் தொலைநோக்கியின் வழியே வானத்தை ஆராய்பவர்களும், கைக்குழந்தை உள்ள தாய்மாரும் மட்டுமே. இனி ஐந்து வாரங்களுக்கு மேலாக ஆலங்காயத்தின் பல வீடுகளில் விளக்கு எரியும். காலைப் பேருந்தில் நின்றபடியே தூங்குகிறவர்களைக் கண்டால் காரணம் கேட்க வேண்டாம்.

வேப்பமரத்தடியில் கட்சிகள் பிரிந்திருந்தன. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைக்குப் போகிற தம்பி அர்ஜென்டினாவின் பக்கம். வாணியம்பாடியில் கல்லூரியில் படிக்கிற தம்பிக்குப் போர்ச்சுகல். ரொனால்டோவைத் தவிர அந்த அணியில் வேறு யாரை அவனுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இன்னொருவர் பிரேசில். அவருடைய தந்தையும் பிரேசில், ஆகவே அது குடும்பச் சொத்து. கடந்த இரண்டு உலகக் கோப்பைகளிலும் இறுதி ஆட்டம் வரை வந்த பிரான்சை எப்படி மறக்கலாம் என்று ஒருவர் மன்றாடினார். 2024-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஸ்பெயினே இப்போது சமநிலையான அணி என்று ஒரு தங்கை சொன்னாள். அங்கே காரணத்தோடு பேசியவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவள் பேச்சை யாரும் கேட்கவில்லை.

நானும் சற்று நேரம் நின்று கேட்டேன். பேச்சு எந்த அணி வெல்லும் என்பதிலிருந்து, எந்த வீரரைச் சேர்க்கக் கூடாது என்பதற்கு மாறியது. இன்னார் முக்கியமான நேரத்தில் பெனால்டியைத் தவறவிட்டவர், இன்னார் பயந்தவர் என்று பட்டியல் நீண்டது. அப்போது ஒருவர், "பெனால்டி அடிக்கணும்னா நம்ம புளியமரத்தை அனுப்புங்கப்பா, உலகமே பார்க்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஓரமாக நின்றிருந்த ஒரு தம்பியும் சிரித்தான். பிறகு யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். பொங்கல் விடுமுறையில் பள்ளி மைதானத்தில் நடந்த போட்டியில் நம் வாலிபர் அணி இறுதி ஆட்டம் வரை சென்றது. ஆட்டம் சமனாகி, பெனால்டியில் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. கடைசி உதை இந்தத் தம்பியுடையது. பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, மைதானத்துக்கு அப்பால் உள்ள புளியமரத்தின் கிளைகளுக்குள் சிக்கிக்கொண்டது. கோப்பை போயிற்று. பந்தைக் கல்லெறிந்துதான் இறக்கினார்கள். அன்று மாலையிலிருந்து அவனுக்குப் புளியமரம் என்று பெயர்.

இந்த வாரம் இதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன். ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாதாகையால், வயதில் மூத்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் நாடே இல்லாத போட்டிக்கு நமக்குள் ஏன் சண்டை என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. 140 கோடி மக்களைக் கொண்ட நம் தேசம் இந்தக் கோப்பையில் இதுவரை ஒருமுறையும் ஆடியதில்லை. இவ்வாண்டு முதன்முறையாகத் தகுதி பெற்றிருக்கும் குராசோ என்னும் தீவின் மக்கள்தொகையைவிட நம் ஆம்பூர், வாணியம்பாடி இரண்டிலும் சேர்ந்து வாழும் மக்கள் அதிகம். ஆயினும் பிறருடைய ஆட்டத்தை ரசிப்பதில் குற்றம் காண நான் விரும்பவில்லை. உலக வரைபடத்தில் கேப் வெர்டே எங்கே இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது பள்ளிப் புத்தகத்தால் அல்ல, இந்தப் போட்டியால்தான். பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது வேறு. அதைக் குறித்துத் தனியே எழுதுவேன், அதில் எனக்கு இரண்டு எண்ணமில்லை.

யார் வெல்வார் என்று முன்கூட்டிச் சொல்வதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஆட்டத்தில் கணிப்புகள் பொய்த்துப்போவதுபோல் வேறு ஆட்டங்களில் பொய்ப்பது அரிது. 2022-இல் கத்தாரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாமல் வந்த அர்ஜென்டினாவைச் சவூதி அரேபியா முதல் ஆட்டத்திலேயே 2-1 என்று வென்றது. அதே அர்ஜென்டினாதான் முடிவில் கோப்பையைத் தூக்கியது. ஜப்பான், ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்திற்று. ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வெளியேற்றி, மொராக்கோ அரையிறுதிக்குள் நுழைந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து அதற்கு முன் எந்த அணியும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. வேப்பமரத்தடியில் அன்று யாரும் இவற்றை முன்னறிந்து சொல்லியிருக்க முடியாது.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒரு பந்தில் தவறினால் அடுத்த பந்தில் ஈடுசெய்யலாம். ஓட்டங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. கால்பந்தில் தொண்ணூறு நிமிடம் ஓடியும் ஒரு கோல், இரண்டு கோல். சில நாள்களில் அதுவும் இல்லை. ஆகவே மெலிந்த அணி ஒரு கோல் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறது. அதனால்தான் சிறியவனுக்கு இந்த ஆட்டத்தில் நம்பிக்கை உண்டு. அதே காரணத்தால்தான் ஒரே ஒரு மனிதனுடைய ஒரே ஒரு பிழை முழுத் தோல்விக்கும் அடையாளமாகிவிடுகிறது. இருபத்திரண்டு பேர் இரண்டு மணி நேரம் செய்தவை மறந்துபோகின்றன. ஒருவன் கால் சறுக்கிய ஒரு நொடி நிற்கிறது. நம்முடைய கணிப்பு பொய்த்துவிட்ட கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிடுகிறான்.

மொவாசிர் பார்போசா என்று ஒருவர் இருந்தார். 1950-ஆம் ஆண்டு பிரேசில் அணியின் கோல்கீப்பர். அவ்வாண்டு உலகக் கோப்பை பிரேசிலில் நடந்தது. ஜூலை 16 அன்று ரியோ நகரத்தின் மரக்கானா மைதானத்தில், ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் முன்னிலையில், உருகுவே அணியோடு கடைசி ஆட்டம். முந்தைய இரண்டு ஆட்டங்களில் ஸ்வீடனுக்கு எதிராக ஏழு கோல், ஸ்பெயினுக்கு எதிராக ஆறு கோல் போட்டிருந்த பிரேசிலுக்கு அன்று சமன் செய்தாலே போதுமானது. ஆட்டத்துக்கு முன்பே அந்த அணியை உலக சாம்பியன் என்று அச்சிட்ட பத்திரிகையும் உண்டு. வேப்பமரத்தடிக் கணிப்பெல்லாம் அதற்கு முன் என்ன?

பிரேசிலே முதல் கோலைப் போட்டது. பிறகு உருகுவேயின் கிக்யா வலப்புறமாக ஓடிவந்து பந்தை நடுவே அனுப்ப, அவருடைய தோழர் அதைக் கோலாக்கினார். 79-ஆம் நிமிடத்தில் கிக்யா மறுபடியும் அதே வழியில் வந்தார். முன்போலவே பந்தை நடுவே அனுப்புவார் என்று எண்ணி பார்போசா ஓரடி முன்னே நகர்ந்தார். பந்து அவருக்கும் கம்பத்துக்கும் இடையிலிருந்த சிறு இடைவெளியில் நுழைந்தது. அறிவுள்ள எந்தக் கோல்கீப்பரும் அப்படித்தான் நகர்ந்திருப்பார். ஆனால் மைதானம் மௌனமாயிற்று. பிரேசில் அந்த ஓரடியை மன்னிக்கவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1993-இல், பயிற்சியிலிருந்த தேசிய அணியைக் காண அவர் விரும்பியபோது, கெட்ட சகுனம் என்று அஞ்சி உள்ளே விடவில்லை. 2000-ஆம் ஆண்டில் அவர் இறந்தார். கொலை செய்தவனுக்குக்கூடத் தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு.

கொலம்பியாவின் ஆந்திரேஸ் எஸ்கோபாருக்கு அவ்வளவு ஆண்டுகளும் கிடைக்கவில்லை. 1993-இல் அர்ஜென்டினாவை அதன் சொந்த மண்ணிலேயே 5-0 என்று வென்ற கொலம்பியா, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வெல்லக்கூடிய அணி என்று பெலே உட்படப் பலர் கணித்தார்கள். 1994 ஜூன் 22 அன்று அமெரிக்க வீரர் அனுப்பிய பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார் எஸ்கோபார். பந்து அவர் காலில் பட்டுத் தன் அணியின் வலைக்குள்ளேயே போயிற்று. நம் பிள்ளைகள் சேம்சைடு கோல் என்று சொல்லிச் சிரிப்பார்களே, அதுதான். கொலம்பியா முதல் சுற்றோடு வெளியேறியது. ஊர் திரும்பிய எஸ்கோபார், வாழ்க்கை இத்தோடு முடிந்துவிடவில்லை என்ற பொருளில் செய்தித்தாளில் எழுதினார். ஜூலை 2 அதிகாலையில் தம் சொந்த நகரமான மெடெயினில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. கொன்றவர்களின் நோக்கத்தைப் பற்றிப் பல விதமாகச் சொல்லப்படுவதுண்டு. அந்தக் கோலைச் சொல்லித்தான் அவரோடு வம்புக்கு வந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

நாம் துப்பாக்கி எடுக்கிறவர்கள் அல்லர் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. நாம் பெயர் வைக்கிறவர்கள்.

இனி நம் தேசத்துக் கதை ஒன்று. இதை நம் வாலிபர்களில் யாரும் அறிந்திருக்கவில்லை என்று கண்டு வருந்தினேன். 1948-ஆம் ஆண்டு, விடுதலை பெற்ற மறு ஆண்டு, இந்தியக் கால்பந்து அணி லண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்றது. அணியின் கேப்டன் தாலிமேரன் ஆவோ, நாகா மலைகளைச் சேர்ந்தவர், ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகன், அந்நாளில் மருத்துவ மாணவர். மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு உலகம் எட்டாது என்று நினைக்கும் ஜவ்வாது மலைப் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளவும். வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரணி பிரான்ஸ். முடிவு 2-1 என்று பிரான்சுக்குச் சாதகமாயிற்று. ஆனால் அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. இரண்டும் வீணாயின. ஒன்று கோலாகியிருந்தால் ஆட்டம் சமன்; இரண்டும் கோலாகியிருந்தால் சுதந்திர இந்தியா தன் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டத்திலேயே பிரான்சை வென்றிருக்கும். கையில் வந்தது கை நழுவிப் போயிற்று.

அந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டவர் சைலன் மன்னா, மோகன் பகான் சங்கத்தின் தற்காப்பு ஆட்டக்காரர். அவரை இந்தியா என்ன செய்தது? 1951 மார்ச் மாதம் டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இந்திய அணிக்கு அவரைக் கேப்டனாக்கியது. இறுதி ஆட்டத்தில் ஈரானுக்கு எதிராக மேவாலால் ஒரு கோல் போட்டார். இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. லண்டனில் பெனால்டியைத் தவறவிட்ட அதே மனிதர் டெல்லியில் வென்ற அணியின் தலைவர். பிற்காலத்தில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

பிரேசிலுக்கு அதன்பின் ஐந்து உலகக் கோப்பைகள் கிடைத்தன. நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயினும் 1950-இல் தோற்ற ஒருவனை நடத்திய விதத்தையும் 1951-இல் நாம் நடத்திய விதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நான் எந்த அணியின் ரசிகன் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்.

அர்ஜென்டினாக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. இவ்வாண்டு இறுதி ஆட்டம் நியூஜெர்சியில் எந்த மைதானத்தில் நடக்கிறதோ அதே மைதானத்தில்தான் 2016 ஜூன் மாதம் கோப்பா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில் மெஸ்ஸி தம் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே உதைத்தார். ஆம், மேலே. அங்கே புளியமரம் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. சிலி வென்றது. தேசிய அணிக்கு இனி ஆடப்போவதில்லை என்று அன்றிரவே மெஸ்ஸி அறிவித்தார். சில வாரங்களில் மனம் மாறித் திரும்பி வந்தார். 2022 இறுதி ஆட்டம் பெனால்டிக்குச் சென்றபோது அர்ஜென்டினாவுக்காக முதல் உதையை உதைத்தவர் அவரே. 2016-இல் அவர் முடிவை அவருடைய நாடு அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால், இன்று நீங்கள் அணிகிற அந்த நீலக்கோட்டுச் சட்டையில் மூன்றாவது நட்சத்திரம் இருந்திருக்குமோ என்னவோ.

பிரியமானவர்களே, அணித் தேர்வைக் குறித்த வாக்குவாதம் வேதத்துக்குப் புதிதல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை இந்த வாரம் ஒருமுறை வாசியுங்கள். பவுலும் பர்னபாவும் இரண்டாவது ஊழியப் பயணத்துக்குப் புறப்படுகிறார்கள். மாற்கு என்னும் யோவானையும் அழைத்துச் செல்லலாம் என்கிறார் பர்னபா. கூடாது என்கிறார் பவுல். முதல் பயணத்தில் பம்பிலியாவை அடைந்ததும் மாற்கு அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போயிருந்தான். ஏன் திரும்பினான்? எத்தனையோ சிறு விவரங்களைக் கவனமாக எழுதும் லூக்கா அந்தக் காரணத்தை எழுதவில்லை. பயந்துவிட்டான், தாயை நினைத்து ஏங்கினான், மலைப்பாதைக்கு அஞ்சினான் என்று காரணங்களை நிரப்பியவர்கள் பின்வந்த நாம். ஒருவன் ஏன் தவறினான் என்பது நமக்குத் தெரியாதபோது நாம் சும்மா இருப்பதில்லை அல்லவா?

பவுலின் பக்கத்தையும் நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். கல்லெறிபட்டு உயிர் தப்பிய பயணம் அது. நடுவழியில் விட்டுப்போனவனை மறுபடியும் நம்பி அழைத்துச் செல்வது சிறிய காரியமல்ல. பயிற்சியாளர் ஒருவர் இறுதி ஆட்டத்துக்கு ஆள் தெரிவு செய்யும்போது பரிவினால் மட்டும் தெரிவு செய்ய முடியாது. நம் வாலிபர் அணி அடுத்த முறை பெனால்டியை வேறொருவரிடம் கொடுத்தால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். பொருளாளர் பொறுப்பிலிருந்தோ பாடற்குழுத் தலைமையிலிருந்தோ ஒருவரை மாற்ற வேண்டிய நிலை சபைக்கும் வரத்தான் செய்கிறது. ஆனால் ஓர் உதையை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்வது வேறு, அவருடைய பெயரை எடுத்துக்கொள்வது வேறு. பவுல் மாற்குவைப் பயணத்துக்கு வேண்டாம் என்றார். ஓடிப்போனவன் என்று சபைகள்தோறும் சொல்லித் திரிந்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

அந்த வாக்குவாதம் அவர்கள் ஒருவரையொருவர் விட்டுப் பிரியும் அளவுக்கு முற்றியது. பவுல் சீலாவோடு ஒரு திசையில் போனார். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பலேறினார். அதற்குப் பின் நடபடிகளின் புத்தகத்தில் பர்னபாவின் பெயரே வருவதில்லை. என்ன செய்தார், மாற்குவோடு என்ன பேசினார், எதுவும் தெரியாது. ஆனால் பல ஆண்டுகள் கழித்துச் சிறையிலிருந்து பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். வரும்போது மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு உதவியானவன் என்று கேட்கிறார். நம் கையிலுள்ள நான்கு சுவிசேஷங்களில் ஒன்று அவன் பெயரால் வழங்குகிறது. இடையிலிருந்த அந்த ஆண்டுகளில் யாரோ ஒருவர் அவன் தோளில் கை போட்டிருக்க வேண்டும். அது பர்னபா என்றே நான் நம்புகிறேன். வேதம் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே நான் ஒரு காரியத்தை அறிக்கையிட வேண்டியிருக்கிறது. பொங்கல் கழிந்த இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிவில் அறிவிப்புகளை வாசித்தபோது, வாலிபர் கூட்டத்தில் யார் யார் நாற்காலிகளை அடுக்க வேண்டும் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தத் தம்பியின் பெயர் வந்த இடத்தில், நகைச்சுவைக்காக, "நம்ம புளியமரம்" என்று சொன்னேன். சபை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். உங்களில் பலருக்கு அது நினைவிருக்காது. எனக்கும் நினைவில் இல்லாமல்தான் இருந்தது. போன ஞாயிறு அவன் வண்டியின் சத்தம் தேய்ந்து மறைந்தபோது திடீரென்று அந்த நாள் மனதில் வந்து நின்றது. மைதானத்தில் பத்துப் பேர் சொன்ன பெயர் அது. அதைப் பலிபீடத்துக்கு முன் நின்று சொல்லி ஊர்ப் பெயராக்கியவன் நான். அவன் வாலிபர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியது அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் என்பதை வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து அறிந்துகொண்டேன். வேலைப் பளு என்று இத்தனை நாள் நானே ஒரு காரணத்தை நிரப்பி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா தேநீர் கொடுத்துவிட்டு, ஏதோ புரிந்துகொண்டவர்போல உள்ளே போய்விட்டார். நான் செய்தது தவறு என்றும், என்னை மன்னிக்க வேண்டும் என்றும் அவனிடம் சொன்னேன். "பரவாயில்லைங்கய்யா, எல்லாரும்தானே சொல்றாங்க" என்றான். அவன் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு சற்று நேரம் கழித்து, அந்த உதைக்கு முன் என்ன நடந்தது என்று அவனாகவே சொன்னான். கடைசி உதைக்கு யாரும் முன்வரவில்லையாம். அணியில் ஐந்தாவது ஆளாக அடிக்க வேண்டியவர் கால் வலிக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டாராம். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். இவன்தான், நான் அடிக்கிறேன் என்று போனானாம்.

இதை இத்தனை மாதங்களில் நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. ஒதுங்கிக்கொண்டவருக்கு ஒரு பட்டப்பெயரும் இல்லை; அவரை நான் கடிந்துகொள்ளவும் வரவில்லை, பயம் யாருக்கும் வரக்கூடியது. ஆனால் நம்முடைய நியாயத்தீர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். உதைக்காதவன் தவறுவதில்லை. ஆகவே உதைக்காதவனைப் பற்றி நமக்குப் பேச ஒன்றும் இருப்பதில்லை. வேப்பமரத்தடியில் நின்று உலக வீரர்களின் குறைகளை எண்ணிக்கொண்டிருந்த நாம் எல்லோரும், நான் உட்பட, உதைக்காதவர்கள்தாம்.

ஊரில் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பில் தவறியதை, ஒருவர் கடை போட்டு நஷ்டப்பட்டதை, ஒரு சகோதரியின் திருமணப் பேச்சு நின்றுபோனதை நாம் எந்தப் பெயரால் நினைவில் வைத்திருக்கிறோம் என்று நான் விவரிக்கப் போவதில்லை. அந்தப் பெயர்கள் உங்களுக்கே தெரியும். அவர்களில் எத்தனை பேர் இப்போது ஆராதனைக்குப் பிந்தி வந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போகிறார்கள் என்பதையும் கதவருகே அமர்பவர்கள் அறிவார்கள்.

இதை எழுதலாமா என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றான். வாலிபர் கூட்டத்துக்கு வருவாயா என்று கேட்டதற்கு, பார்க்கலாங்கய்யா என்றான். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. நீங்களும் அவன் வீட்டுக்குக் கும்பலாகப் போய் மன்னிப்புக் கேட்டு அவனை இன்னும் கூச்சப்படுத்த வேண்டாம். அவனுடைய பெற்றோர் திருமுழுக்கின்போது வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அந்தப் பெயர் அழகான பெயர்.

உலகக் கோப்பை நாள்களில் ஞாயிறு ஆராதனை வழக்கம்போல் ஒன்பது மணிக்கே. வேப்பமரத்தடி வாதங்களுக்குத் தடையில்லை, நானும் வருவேன். என் கணிப்பைக் கேட்டால், மொராக்கோ இந்த முறையும் பெரியவர்களைத் திகைக்க வைக்கும் என்கிறேன். பொய்த்துப்போனால் தாராளமாகச் சிரியுங்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் வாலிபர்கள் ஆடுகிறார்கள். மூப்பர்களில் விருப்பமுள்ளவர்களும் கோல்கீப்பராக நிற்கலாம். ஆட்டம் முடிந்தபின் ஆளுக்கு ஒரு பெனால்டி. நானும் உதைக்கப் போகிறேன். என் கால் எப்படிப்பட்டது என்பதை நான் அறிவேன், ஆகவே புளியமரத்தில் ஏறத் தெரிந்தவர் ஒருவராவது அவசியம் வரவேண்டும். பந்து சபையின் அலமாரியில் இருக்கிறது, காற்றுத்தான் இல்லை. பம்ப் வைத்திருப்பவர் கொண்டுவரவும்.

ஜெபத்துடன்,
உங்கள் போதகர்